ஆல்பத்தில் இருந்த பத்து மாடி

14-6-1983, செவ்வாய்

ஆர்க்கிடெக்ட் மூர்த்தி என்னை ஏமாற்றிவிட்டான். தான் கட்டியதென்று ஆல்பத்தில் காட்டிய பத்து மாடிக் கட்டடத்தை இன்று நேரில் போய்ப் பார்த்தேன்.

“கட்டடம் வேற ஆளுது சேட், மூர்த்தி சார் வரைஞ்சது இந்த கேட் மட்டும்தான்” என்று வாட்ச்மேன் சிரிக்கிறான்.

கடைக்கு ஆணி வாங்கினால்கூட வளைத்துப் பார்க்கிற நான், அமீர்பேட் மனையில் ஆறு மாடி எழுப்ப ஒரு போட்டோவை நம்பியிருக்கிறேன்!

நேரே அவன் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

“கேட்டும் கட்டடத்துல சேர்ந்ததுதானே அண்ணாச்சி?”

“அப்ப கேட்டுக்கு என்ன கூலியோ அதத்தான் தருவேன்.”

அவன் போட்ட பிளான் அனுமதிக்காக மாநகராட்சிக்குப் போய்விட்டது. ஆளை மாற்றினால் ஒரு வருடம் வீண். கடைசியில் வழிக்கு வந்தான். முன்பணம் கிடையாது. தூண்கள் தாங்குமா என்ற கணக்கை வேறு இன்ஜினியர் சரிபார்ப்பார், செலவு அவனுடையது. அவன் கூலி மாடிக்கு இரண்டாயிரம், அதுவும் அந்த மாடிக்குக் கான்கிரீட் போட்ட பிறகு.