கடைசி பெஞ்சில் உட்கார்ந்த ஆசிரியர்கள்

அன்பு மகள் கைன்சாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே கபாலே மலையூர்க் குளிரிலும் உன் நெஞ்சுச் சளி குறைந்திருக்கும் என்று ஆண்டவரை நம்பி எழுதுகிறேன். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தவா வாங்கித் தந்தேன், உடம்பில் போடு. காப்பி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, அப்பா அந்த மரங்களோடு பேசுகிற அளவுக்குக்கூட என்னோடு பேசுவதில்லை.

நான் தலைமையாசிரியை ஆகி ஒரு பள்ளிப் பருவம்கூட முடியவில்லை, அதற்குள் ஆசிரியர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், யாராவது உன் காதில் போடுமுன் நானே சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் எம்பாலே டவுன் ஓட்டல் ஹாலில் எங்களுக்குப் பயிற்சி நடக்குமே, ஒருவர் திரையில் படம் காட்டுவார், நாங்கள் சோடா குடித்து, கோழி சாப்பிட்டு, சான்றிதழோடு திரும்பி மறுநாள் வகுப்பில் பழைய பல்லவியையே பாடுவோம். இனி மாதம் ஒருவர் பாடம் நடத்தட்டும், மற்றவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியரை அல்ல, ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கவனிக்கட்டும், பிறகு சேர்ந்து பேசுவோம் என்று கூட்டத்தில் சொன்னேன். அவ்வளவுதான், ஒருவருக்குப் பல்வலி, ஒருவருக்குத் தொண்டைக்கட்டு. துணைத் தலைமையாசிரியர் மாசாபா சார் மட்டும், "நல்ல யோசனை மேடம், முதல்ல நீங்களே நடத்திக் காட்டுங்க, நாங்க சோடா இல்லாமயே உட்கார்றோம்" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மறுத்தால் யார் வகுப்புக் கதவும் எனக்கு இனித் திறக்காது என்று தெரிந்து ஒப்புக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பு, பின்னப் பாடம், சப்பாத்திகூடச் சுட்டு எடுத்துப் போனேன். ஆசிரியர்கள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் துள்ளி எழுந்து விருந்தாளிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள், தினமும் பார்க்கிற அதே ஆசிரியர்களுக்கு! முடிந்தது என்று மூச்சு விட்டால் இரண்டாவது பாட்டு, ஆட்டத்தோடு. பிறகு நானே சப்பாத்தியை வெட்டிக் காட்டி நம் வழக்கப்படி நடத்தினேன். "மூன்றில் ஒரு..." என்று நிறுத்தினால் "பங்கு!" என்று தகரக் கூரை அதிரும். புரிந்ததா என்றேன், "புரிந்தது மேடம்!" என்று முழங்கினார்கள். தலைநிமிர்ந்து வெளியே வந்தேன்.

அப்புறம் ஆசிரியர் அறையில் நம்போசோ டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள், தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், என் பக்கத்துல இருந்த நமோனோ பாடம் பூரா வாயை மட்டும் அசைச்சா. மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசான்னு மெதுவாக் கேட்டேன், நாலுதானே பெருசு, அதனால அதுதான்னு அடிச்சுச் சொல்றா" என்றாள். மாசாபா சார், "நான் கவனிச்ச ரெண்டு பேரும் அதே கதைதான், பங்குன்னு கத்தினது மட்டும் நல்லாக் கத்தினாங்க" என்றார். எனக்கு முகம் எரிந்தது. பிள்ளைகள்மேல் பழி போட நாக்கு நுனி வரை வந்துவிட்டது, விழுங்கிவிட்டு, நாளைக்கே திரும்ப நடத்துகிறேன், எப்படி என்று நீங்கள் சொல்லுங்கள் என்றேன். நீ நம்பமாட்டாய், பயிற்சி ஹாலில் சாப்பாடு எப்போது என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டறியாத அந்த மாசாபா சார் என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டார். "சப்பாத்தியைப் பசங்களே வெட்டட்டும். நீங்க வாயை மூடிக்கிட்டு நில்லுங்க, உங்களால முடிஞ்சா" என்றார். எப்படி நடத்துவது என்று இருட்டும் வரை ஒரே சண்டை, வீட்டுக்குப் போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் சில மேசைகளுக்கு மூன்று பேர், சிலவற்றுக்கு நான்கு பேர், மேசைக்கு ஒரு சப்பாத்தி. நமோனோ நான்கு பேர் மேசைக்குத்தான் ஓடினாள். வெட்டியதும் தன் துண்டையும் பக்கத்து மேசைத் துண்டையும் மாறி மாறிப் பார்த்து, "மேடம், இது ஏமாத்து வேலை! ஆள் கூடினா துண்டு குறையுது, நான் அங்க போறேன்" என்று எழுந்தாள். அங்கிருந்த மூன்று பேரும் தட்டை மறைத்துக்கொண்டு, "நீ வந்தா எங்களுதும் சின்னதாகும், போடி!" என்று விரட்டினார்கள். நான் எதுவும் சொல்லித்தரவில்லை கைன்சா, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

இன்று சாயங்காலம் மாசாபா சார் என் கதவருகே நின்று கூரையைப் பார்த்தபடி, "வியாழக்கிழமை என் ஏழாம் வகுப்புக்கு வாங்க மேடம். என் மூஞ்சியைப் பார்க்காதீங்க, பசங்களைப் பாருங்க" என்றார். அந்தச் சந்தோஷத்தில் தூக்கம் போய்விட்டது, அதனால்தான் இவ்வளவு நீளம். உன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உங்களைப் பள்ளிக்கு வகுப்பெடுக்க அனுப்பும்போது ஒரு தோழியைப் பின்னால் உட்காரவை, அவள் சொல்வது கசந்தாலும் கேள். கஞ்சியைத் தவறவிடாதே, இருட்டியபின் மோட்டார் சைக்கிளில் ஏறாதே.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பதிலில் "சரி அம்மா, புரிந்தது" என்று மட்டும் எழுதினால் கிழித்துப்போடுவேன், என்ன புரிந்தது என்று உன் சொந்த வார்த்தையில் எழுது.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா எஸ்தர்