பூரண குணம் என்று சரசு எழுதியது

மே 5, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. கம்பெனி பஸ் எங்கள் தோட்டத்து லய வீட்டைத் தாண்டிப் போனது. நான் நீண்ட லீவில் விழுந்ததிலிருந்து ஹாரன் அடிப்பதில்லை. நல்லதுதான்.

மதியம் தபால். காப்புறுதிக் கம்பெனி எனக்கு இன்சூரன்ஸ் பணம் தர மறுத்துவிட்டது. மனச்சோர்வால் என்னால் வேலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட முடியாது என்பதை ஏற்க மாட்டார்களாம். டாக்டர் சொன்னது போதவில்லை. அவர்களிடம் ஒரு படம் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று தோட்டத்துக் கோயிலில் நான் தோளில் காவடியோடு நிற்கும் படம். என் மனைவி சரசு போனில் ஊரே பார்க்கப் போட்டது. கீழே அவள் எழுதியது: "முருகன் அருளால் என் கணவர் பூரண குணமடைந்தார். நன்றி முருகா." அதை மலாயில் மொழிபெயர்த்து வேறு வைத்திருக்கிறார்கள்.

காவடி தூக்குகிறவனால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாதா? நியாயமான கேள்வி. நானே கேட்டிருப்பேன்.

சரசு அடுப்படியில் நின்று அழுதாள். ரசத்தில் உப்பில்லை. சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

சரசு வீட்டு வழக்கம் அது. சாமியிடம் கொடு என்று கேட்க மாட்டார்கள். கொடுத்துவிட்டாய், நன்றி என்று முந்திக்கொள்வார்கள். சாமிக்கு வெட்கமாகிக் கொடுத்துவிடுமாம். மகனுக்கு வேலை கிடைக்கும் முன்பே பொங்கல் வைத்தவர் என் மாமியார். காப்புறுதிக் கம்பெனிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

உத்திரத்தன்று நடந்தது வேறு. நான் படுக்கையை விட்டு எழவில்லை. பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன், தோட்டத்தில் செம்பனை எண்ணெய்க் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், வந்து தூக்கி உட்கார வைத்தார். குளிப்பாட்டியதும் அவர்தான். வேட்டி கட்டி, காவடியைத் தோளில் வைத்து, ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மச்சான். பாதி வழியில் என் கால் நின்றுவிட்டது. அண்ணன் காவடியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். படம் அதற்கு முன்னால் எடுத்தது.

இன்று குளித்தேன். நானாகவே.

மே 9, வெள்ளி

வெயில். சிரம்பான், டாக்டர். சீனர், மெதுவாக மலாய் பேசுவார். படத்தை வெகுநேரம் பார்த்தார். ஒரு நாள் கோயிலில் நின்றதால் வியாதி இல்லை என்றாகாது, மேல்முறையீடு செய்யுங்கள், நான் விவரமாக எழுதித் தருகிறேன் என்றார். எதிரே நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தும் அவசரப்படுத்தவில்லை. புண்ணியவான்.

திரும்பும்போது லோபாக் பகுதியில் காதர் பாய் சாப்பாட்டுக் கடை. பாயின் மகள் மலாயில் மேல்முறையீட்டைக் கம்ப்யூட்டரில் தட்டித் தந்தாள். நான் சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை இல்லாத குரல். அவள் நிமிர்ந்து பார்த்து, "அங்கிள், சத்தமா சொல்லுங்க. உங்க கதைதானே லா" என்றாள். பாய் கேட்காமலே தே தாரிக் தேநீர் கொண்டு வந்து வைத்தார்.

மே 11, ஞாயிறு

மளிகைக் கடை வாசலில் காதில் விழுந்தது: "காவடி எடுக்கத் தெம்பு இருக்கு, வேலைக்குப் போகத்தான் இல்ல."

யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. வெங்காயம் வாங்காமல் வந்து சாயங்காலம் வரை படுத்துக் கிடந்தேன். சொன்னவன் மேல் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அவன் சொன்னது சரி என்று தோன்றியது.

வாங்க வேண்டியவை இன்னும் அப்படியே: வெங்காயம், சவர்க்காரம், மாத்திரை (மறக்காதே).

மே 28, புதன்

கோலாலம்பூர். மேல்முறையீட்டு விசாரணை. அண்ணன் ஒரு நாள் லோரியை விட்டுவிட்டு எங்களைக் காரில் கூட்டிப் போனார். காவடியைப் பாதி வழி தூக்கியது தான்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கீழே காருக்குள் காத்திருந்தார்.

குளிர்சாதன அறை. இரண்டு அதிகாரிகள், ஒருவர் தமிழ்ப் பெண். படத்தை மேசையில் வைத்து, இது என்ன என்று என்னைக் கேட்டார்கள். நான் சரசுவைத் திரும்பிப் பார்த்தேன். வழக்கம் போல.

சரசுதான் பேசினாள். மலாயில் ஆரம்பித்தவள் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"குணமாயிட்டாருன்னு நான் உங்களுக்கு எழுதலீங்க. குணமாக்கிக் குடுன்னு சாமிக்கு எழுதுனேன். குணமாயிருந்தா, நான் ஏன் இன்னும் தூக்கத்துல முழிச்சு, இவருக்கு மூச்சு வருதான்னு மூக்குல கை வெச்சுப் பாக்குறேன்?"

தமிழ் அதிகாரி மற்றவருக்கு அதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

எனக்கு இது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவனுக்கே தெரியாது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "புதுசா கல்யாணமான ஜோடி" என்று கிண்டல்.

இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்துவிட்டேன்? ஒன்றுமில்லை. இருந்தும் செய்கிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

மேகமூட்டம். தலைவலி இல்லை. பத்து மணி வாக்கில் போன். அந்தத் தமிழ் அதிகாரியே பேசினார். முடிவை மாற்றிவிட்டார்களாம். கோரிக்கை ஏற்கப்பட்டது. கடிதம் பின்னால் வரும். நன்றிம்மா என்று எத்தனை முறை சொன்னேனோ, அவர் சிரித்துவிட்டார்.

பின்பக்கம் சரசு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஒத்துக்கிட்டாங்க என்றேன். அவள் குதிப்பாள் என்று நினைத்தேன். கையை எடுக்காமல், நிமிராமல் கேட்டாள்:

"அவங்க ஒத்துக்கிட்டது இருக்கட்டும். இது வியாதிதான், சோம்பேறித்தனம் இல்லன்னு நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

இப்படி ஒரு கேள்வியை எந்த அதிகாரியும் கேட்கவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒத்துக்கிட்டேன் என்றேன். சத்தமாகத்தான்.

அவள் அப்படியே ஈரக் கையோடு என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். நானும். பூனை வந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம், விரட்டவில்லை.