அன்ரனின் ஆட்டுப்பால்

1998 பெப். 9, திங்கள். மல்லாவி
பத்து மணிவரை பனி. ஆறு மாடுகளுக்குக் கால்-வாய் நோய் (கோமாரி). மருந்து வரவில்லை. உப்புத் தண்ணீரால் வாய் கழுவச் சொன்னேன். மாட்டு வைத்தியன் என்று நான் இப்போது செய்வது இவ்வளவுதான்.

மத்தியானம் சைக்கிள் டைனமோவில் றேடியோ. மிதித்தால் சத்தம், நின்றால் இல்லை. ஸ்கொட்லாந்தில் ஒரு செம்மறியாம். மனித இரத்தத்தை உறைய வைக்கிற புரதம் அதன் பாலில் வருகிறதாம். பாலிலிருந்து பிரித்து மருந்தாக்கப் போகிறார்களாம். கருவிலேயே ஏதோ செய்கிறார்கள். என்ன என்று சொல்ல முதல் கால் களைத்துவிட்டது.

பின்னேரம் பக்கத்துக் கொட்டில் வீட்டு அன்ரனிடம் சொன்னேன். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்தவர். மகன் யூட்டுக்கு (19 வயது) பிறவியிலேயே இரத்தம் உறையாத வருத்தம். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

பெப். 10
விடிய ஆறுக்கே அன்ரன். கையில் ஆட்டுக்கயிறு.
"ஐயா, என்ர ரத்தத்தை எடுத்து இதுக்கு ஏத்திவிடுங்கோ. எனக்கு உறையுதுதானே. பால்ல வரும்."
"அப்பிடி வராது அன்ரன். அது கருவிலயே செய்யிற வேலை."
"நீங்கள்தானே சொன்னனீங்கள்?"
ஓம். நான்தான். கருவில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். விளங்கப்படுத்தப் போய் எனக்கே குழப்பம். மனிதப் புரதம் வந்தால் அது ஆட்டின் பாலா, மனிதப் பாலா? முகம் சுருங்கிப் போனார்.
சோப் முடிந்தது.

பெப். 12
அன்ரனின் மனைவி றோசம்மா ஓடி வந்தா. நேற்று யூட்டின் கடைவாய்ப்பல் உடைந்ததாம். அப்போது தொடங்கிய இரத்தம் நிற்கவில்லை.
"ஆசுபத்திரிக்கு விடுறாரில்லை ஐயா. தன்ர கையைக் கீறி, தவிட்டில ரத்தம் கலந்து ஆட்டுக்குக் குடுத்தவர். அந்த ஆட்டின்ர பாலைத்தான் பிள்ளைக்குப் பருக்கிறார்."
போனேன். யூட் வெளிறி, பேச்சில்லாமல். மடியில் சிரட்டை, அதில் இரத்தம். அன்ரனுடன் வாக்குவாதம் இல்லை. யூட்டைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் இருத்தினேன். அன்ரன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.
புது இரத்தம் ஏற்றவேண்டும் என்றார் ஆசுபத்திரி டொக்டர். அன்ரனுடையது சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. இன்னும் இரண்டு பேர் தந்தார்கள்.
தலைச்சுற்று. பால் இல்லாத பிளேன்ரீ இரண்டு.

பெப். 13
கசிவு நின்றுவிட்டது. யூட் கஞ்சி குடித்தான்.
அன்ரன் நேர்ஸிடம்: "பால் உள்ளுக்குப் போனாப்பிறகுதான் மிஸ் குறைஞ்சது."
நான் அதைத் திருத்தாமல் கஞ்சிக் கோப்பையைக் கழுவப் போனேன். ஏன் என்று தெரியவில்லை.

பெப். 15, ஞாயிறு
பூசை முடிந்து அன்ரன் வந்தார். வெள்ளைச் சேட்டு.
"முத்தையன்கட்டில ஒராளுக்கு இதே வருத்தமாம். நாளைக்குப் பால் கொண்டுபோறன்."
இதற்கு மேல் மறைக்க முடியாது.
"அன்ரன், பால் இல்லை. ரத்தம் ஏத்தினதாலதான் நிண்டது. அந்த மனிசனை ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லுங்கோ."
கையில் கீறின இடத்தைத் தடவினார். அவருடைய இரத்தம் சேராததை நானும் நினைத்தேன்.
"அப்ப அடுத்தமுறை?"
"ஆசுபத்திரிதான்."
"ரத்தம் குடுக்க ஆள் இல்லாட்டி?"
கதிரையை இழுத்து அவருக்குப் போட்டேன்.
"அந்தச் செம்மறி வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ ஐயா. பிள்ளையின்ர பேரை வடிவா எழுதுங்கோ."
கொப்பியில் தாள் கிழித்தேன். யூட்டின் பெயர், வயது, வருத்தம் எழுதினேன். அன்ரன் முன்னால் கதிரையில் இருக்கிறார். றேடியோவில் விலாசம் சொல்லவில்லை. விலாசம் எழுதும்வரை போகமாட்டாராம்.