பையனுக்கு ஆறியது, பெண்ணுக்குச் சுட்டது

செப்டம்பர் 4

எட்டாம் மாதம். அடுப்புப் பக்கமே வரக்கூடாது என்று மாவு அண்ணன் உத்தரவு. பேக்கரியில் அவர் பிசைவார், நான் சுடுவேன். பதினோரு வருடமாக இதுதான் ஏற்பாடு. இப்போது நான் மேசையில் உட்கார்ந்து உருண்டை பிடிக்கிறேன், அவர் விறகு அடுப்போடு மல்லுக்கு நிற்கிறார். இன்று ஆறு ரொட்டி கருகிப்போயின.

தணலை ஓரம் தள்ளும் சத்தம் கேட்டால் வயிற்றுக்குள் ஓர் உதை. அதனால் வீட்டில் நானும் என் கணவரும் வயிற்றைத் ‘தணல்’ என்றுதான் கூப்பிடுகிறோம். இன்று இவர் திடீரென்று, “இதையே பேரா வச்சிட்டா என்ன?” என்றார். இவர் தபால்காரர். நாள் முழுக்கப் பெயர்களோடு புழங்கியும் ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லிவந்தவர்.

பையனோ பெண்ணோ, இதுதான். முடிவு.

செப்டம்பர் 7

சாப்பிடும்போது இவருடைய அப்பா அம்மாவிடம் சொன்னோம். மாமா கையைக் கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தான் நினைத்த பக்கம்தான் வண்டியைத் திருப்புவார்.

“பையனா இருந்தா இது ஒத்துவராது. தணல்னா என்ன? எரிஞ்சு அடங்கிப்போன நெருப்பு. ஆம்பளப் புள்ளைக்குக் கொஞ்சம் கம்பீரம் வேணாமா?”

அத்தை உடனே, “பொண்ணா இருந்தா? ஐயோ, சுடுதே! கிட்ட வர்றவங்க பயந்து ஓடிடுவாங்க” என்றார்.

இவர் சிரித்தார். “ஒரே பேருதானேம்மா? பையன்னா ஆறிப்போச்சு, பொண்ணுன்னா கொதிக்குதா?”

எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு.

செப்டம்பர் 8

மாவு அண்ணனிடம் பெயர் எப்படி என்று கேட்டேன். நிஜமாகவே யோசித்துவிட்டுக் கேட்டார்: “பையனா பொண்ணான்னு தெரியாம, பேரு நல்லாருக்கா இல்லையான்னு எப்படிம்மா சொல்றது?”

அக்டோபர் 11

பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம். என்ன குரல்! மூன்று அறை தள்ளிக் கேட்டதாம்.

அக்டோபர் 12

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். என்ன பெயர் என்று கேட்டேன். அவன் அம்மா ஒரு பூவின் பெயரைச் சொன்னாள். “அழகா இருக்கு” என்றுதான் சொன்னேன். ஆனால் அதற்கு முன்பே மனம் கேட்டுவிட்டது — பையனுக்கா? பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களா?

அவள் முகத்தைப் பார்த்தேன். என் மனதில் ஓடியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழகிப்போயிருப்பாள்.

அப்படியானால் எனக்கும் மாமாவுக்கும் என்ன வித்தியாசம்? வெட்கமாக இருந்தது. மாலையில் அவள் தூங்கியபோது அவனை நான்தான் மடியில் வைத்திருந்தேன். அந்தப் பெயரை நாலைந்து தடவை சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். அவனுக்கு அது சரியாகத்தான் இருந்தது. வாய்க்குத்தான் பழக்கம் வேண்டும்.

அக்டோபர் 20

எழுதிவிட்டால் தேவலை.

மாமா ஒரு காகிதத்தோடு வந்தார். பன்னிரண்டு பெயர். எட்டு பூ, மூன்று நிலா, ஒன்று தேன். “இதுல ஒண்ணு எடுத்துக்கோ” என்றார்.

“பேரு வச்சாச்சு மாமா.”

“அது கூப்பிடுற பேரா இருக்கட்டும். எழுதுற பேருல மென்மை வேணும். நாளைக்கு இவளை யாரு பொண்ணு கேட்டு வருவா?”

பிறந்து ஒன்பது நாள்! “மாமா, இவளுக்கு இன்னும் கழுத்தே நிக்கல. அதுக்குள்ள மாலை போடப் பாக்குறீங்களே!”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிகமாகப் பேசிட்டேனோ? இல்ல. ஏன் நான் மட்டும் யோசிக்கணும்? பத்து மாசம் சுமந்தது நான். அவருக்குக் கோபம்னா இருக்கட்டும்... மனசு கேக்கல. நல்ல மனுஷர். மருத்துவமனையில் மூணு நாளும் வாசலை விட்டு நகராதவர்.

அக்டோபர் 21

மாமா ‘பாப்பா’ என்று மட்டும் கூப்பிடுகிறார்.

அக்டோபர் 29

பதிவு அலுவலகம். எழுத்தர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: “‘தணலினி’ன்னு போட்டுக்கங்களேன். பாத்ததும் பொண்ணுன்னு தெரியும்.”

நான் பேனாவை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். ஊருக்கே தலையாட்டும் மனிதர், என்ன சொல்லப்போகிறாரோ என்று.

“தெரியலன்னா கேட்டுக்கட்டும் சார். அவ சொல்லுவா” என்றார்.

தபால் பையோடு நின்ற அந்த ஒல்லி உருவத்தை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று எழுத்து. நானே என் கையால் எழுதினேன்.

ஜனவரி 12

மீண்டும் அடுப்பு முன்னால். கையில் ரொட்டி தள்ளும் நீளத் துடுப்பைப் பிடித்ததும் முதுகெலும்பு நிமிர்ந்துகொண்டது. ஒரு ரொட்டிகூடக் கருகவில்லை. மாவு அண்ணன், “அப்பாடா, தப்பிச்சேன்” என்றார்.

பத்து மணிக்குப் பால் கொடுக்க மாமாவே அவளைத் தூக்கிவந்தார். அவர் பேக்கரிக்குள் வருவது இதுதான் முதல் தடவை. கொடுத்து முடிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தீயே காணோம். எப்படி வேகுது?”

“தீ எரியறப்ப வச்சா மேல கருகிடும், உள்ள மாவா நிக்கும் மாமா. அது அடங்கினப்புறம்தான் வேலையே.”

“எத்தனை நேரம் சூடு நிக்கும்?”

“நாளைக்குக் காலையில தொட்டாலும் சுடும்.”

“ம்” என்றார்.

ஜனவரி 24

மூன்றாவது தவணைத் தடுப்பூசி. இவருக்கு வேலை, மாமா கூட வந்தார். பழைய அட்டை நனைந்துபோனதால் செவிலியர் புதிது எழுதிக் கொடுத்தார். நான் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வாசல் தாண்டியதும் மாமா அதைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

‘ஆண்’ என்ற கட்டத்தில் டிக்.

“அடுத்த தடவை மாத்திக்கலாம் மாமா, கூட்டமா இருக்கு” என்றேன். காதில் வாங்கவில்லை. திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் இருபது பேராவது இருக்கும். முட்டி வலிக்காரர். அரை மணி நேரம்.

அவர் முறை வந்தபோது நான் பின்னால்தான் நின்றேன்.

“பேரைப் பாத்துப் பையன்னு நினைச்சிட்டேன் ஐயா. இந்த மாதிரி பேரு வச்சா இப்படித்தான் குழப்பம் வரும்” என்றார் செவிலியர்.

“பேரு சரியாத்தாம்மா இருக்கு. டிக்தான் தப்பான கட்டத்துல இருக்கு” என்றார் மாமா. “தணல். பொண்ணு. திருத்திக் குடுங்க.”

திருத்தி வாங்கிய அட்டையை என்னிடம் தரவில்லை. தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இனிமே இதை நான் பாத்துக்கறேன். நீ எதையும் ஒழுங்காப் படிக்கறதில்ல.”

சரி மாமா என்றேன்.