தண்ணீர் பிடிக்கும் நேரம்

20-8-69, புதன்

காலையில் தூறல், பத்து மணிக்கெல்லாம் வெயில். பீங்கான் ஆலையில் இன்றைக்கும் கோப்பை விளிம்புக்கு நீலக் கோடு. நகமெல்லாம் நீலம்.

வாங்க வேண்டியது: சீயக்காய், விளக்குத் திரி, அப்பா சட்டைக்குப் பித்தான் இரண்டு.

தரகர் வந்திருந்தார். மாப்பிள்ளை அரியலூர், தபால் ஆபீஸ் வேலை, பெயர் ஆரோக்கியம். அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான்.

இனிமேல் யார் வந்தாலும் பாயில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று முறை உட்கார்ந்தாயிற்று. மூன்று வீட்டாரும் பஜ்ஜியை ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போய், தரகர் வாயால் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: பெண் நிறம் கம்மி. பஜ்ஜியின் நிறத்தில் யாருக்கும் குறை இல்லை.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. ராத்திரி சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தம்மாவுக்குக் கண்ணு ஆப்ரேசனாம். ஞாயித்துக்கெழம மெட்ராஸ் வண்டியில போறாங்க. இங்க தண்ணி புடிக்க பத்து நிமிஷம் நிக்கும். நீ பிளாட்பாரத்துல சும்மா நில்லு தெரசு. புடிக்கலன்னா வண்டி தானா போயிடப் போவுது."

ரயிலை வைத்தே எதையும் யோசிக்கிறவர். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்து விடுவதுதான் அவர் வேலை. சரி என்றேன்.

22-8-69, வெள்ளி

புழுக்கம். ஊதா சேலைக்கு இஸ்திரி. அப்பா சட்டையின் கிழிந்த காலரைத் திருப்பித் தைத்தேன்.

அப்பா ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது கையில் எண்ணெய்க் கிண்ணம். தண்ணீர்க் குழாயின் திருகுச் சக்கரத்துக்குத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார், நம் வீட்டு எண்ணெயில். கேட்டால், "என்னால ஒரு வண்டி நின்னுச்சுன்னு பேரு வரக்கூடாது." பத்தொன்பது வருஷமாக வரவில்லை. இதில் அவருக்கு இருக்கிற கர்வம் வேறு எதிலும் இல்லை.

அரியலூர் என்று பேச்சு வந்ததும் பழைய கதை. இந்தப் பாதை போடுகிற வரைக்கும் மெட்ராஸ் போக வேண்டுமானால் கடலூர் போய்த்தான் வண்டி ஏறணுமாம். தாத்தா மண் சுமந்து போட்ட கரை இது. முதல் எஞ்சின் வந்த அன்றைக்கு ஊரே திரண்டு மாலை போட்டதாம். சூட்டில் மாலை கருகிவிட்டதாம்.

"ஒங்கம்மாவையும் இதே லைன்லதான் கூட்டியாந்தேன். ஜன்னல விட்டு நவுரவே மாட்டேன்னுட்டா."

அம்மா போய் ஆறு வருஷம். நானும் போய்விட்டால் இவருக்கு யார் பித்தான் தைப்பது?

24-8-69, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து நேரே ஸ்டேஷன். வண்டி தாமதம், டிரைவர் அவசரத்தில். பத்து நிமிஷமெல்லாம் இல்லை, ஆறுதான் என்று அப்பா ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனார்.

எஞ்சினுக்கு அடுத்த மூன்றாவது பெட்டி. அந்த அம்மா ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நெழலாட்டந்தாம்மா தெரியுது. நீ பேசு, கேக்குறேன்." என்ன பேசுவது? ஆலையைப் பற்றிச் சொன்னேன். விரல் ஏன் இப்படிச் சொரசொரப்பு என்று கேட்டுச் சிரித்தார். பிடித்த கையை விடவில்லை. அதிலேயே நாலு நிமிஷம் போயிற்று.

மாப்பிள்ளை கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். ஒல்லி. காதில் பேனா. மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஒங்கம்மாவுக்கு ஆப்ரேசன் ஆனா கண்ணு தெரியும். நான் கருப்பு. அப்ப வாணாம்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் வாயைத் திறக்கவும் கார்டு விசில் ஊதவும் சரியாக இருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

வண்டி நகரவில்லை. எஞ்சின் பக்கம் பார்த்தால், தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் ஜல்லியெல்லாம் ஓடுகிறது. மேலேயிருந்து பயர்மேன், "போதும் சவரி, மூடுய்யா" என்று கத்துகிறார். அப்பா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "சுத்த மாட்டேங்குது, சுத்த மாட்டேங்குது" என்கிறார். முழங்கால் வரை நனைந்துவிட்டார்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் மாப்பிள்ளை சொன்னார்: "அம்மாவுக்குத்தாங்க கண்ணு சரியில்ல. நான் நல்லாப் பாத்துட்டுதான் நிக்கிறேன்." பிறகு, "அம்மாவும் ஒருதரம் கண்ணால பாத்துடட்டுங்க. அடுத்த மாசம் ஏழாந்தேதி திரும்புறோம். சம்மதம்னா இங்க எறங்கிடுவோம்."

இல்லையென்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

25-8-69, திங்கள்

ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கம் கேட்டு மெமோ. வண்டி ஏன் இரண்டு நிமிஷம் நின்றது? அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும், எழுதுவது நான்.

"திருகு இறுகிப்போச்சுன்னு எழுது."

எழுதினேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்காகச் சொன்ன பொய். கையெழுத்துப் போட்டார்.

26-8-69, செவ்வாய்

மழை. உளுந்து நனைந்துவிட்டது.

அப்பா அந்தக் காகிதத்தைக் கொடுக்கவில்லை. நேரே போய், மகளைப் பார்க்க வந்திருந்தாங்க ஐயா, நான்தான் மூடாமல் வைத்திருந்தேன் என்று சொல்லிவிட்டார். ஏன் என்றேன்.

"எண்ணெ போட்ட சக்கரம் எறுகிப்போச்சுன்னா, அதுக்கே அடுக்காது தெரசு."

ஸ்டேஷன் மாஸ்டர் வேலைப் பதிவில் எச்சரிக்கை என்று எழுதினாராம். பத்தொன்பது வருஷத்தில் முதல் கறுப்புப் புள்ளி. அப்பா வந்து நன்றாகத்தான் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

3-9-69, புதன்

மெட்ராஸிலிருந்து தபால் கார்டு வந்தது. ஆபரேஷன் நல்லபடி, ஞாயிறு வண்டியில் திரும்புகிறோம். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. தபால் ஆபீஸில் வேலை, கார்டில் இடமா இல்லை!

இன்று நாலு கோப்பையில் கோடு கோணல். சூப்பர்வைசர் முறைத்தார்.

7-9-69, ஞாயிறு

வெயில். ஊதா சேலைதான். பவுடர் போடவில்லை. பார்க்கட்டும், இருக்கிறபடி.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. அப்பா குழாயடியில். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா ஜன்னலோரம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அதில் பார்த்தால் எல்லோரும் கறுப்புத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் அது தோன்றியதோ என்னவோ, கழற்றினார். "கழட்டக் கூடாதுன்னாங்கம்மா" என்று பிள்ளை பதறுகிறார். அவர் கேட்கவில்லை. கண்ணில் நீர் வடிய வடிய, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் காதில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

சத்தம் நின்றது. அப்பா ஒரே சுற்றில் மூடிவிட்டார். கார்டு விசில்.

"எங்க, அன்னிக்கிப் புடிச்ச கையக் குடு." கொடுத்தேன். விரலைத் தடவிப் பார்த்தார். பிறகு பிள்ளையிடம்:

"என்னடா நிக்கிற? பெட்டிய எறக்கு."

வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. அப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். உலை கொதிக்கிறது. அரிசி நாலு பேருக்கு.