வெள்ளிக்கிழமையும் அயர்லாந்தும்

வெள்ளிக்கிழமை இரவு, திருப்பதி.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, அயர்லாந்தில் இறந்தவர்களை நாளைக்கு ஒத்திவைப்பதென்று இன்று மாலை முடிவெடுக்கப்பட்டது.

விக்டோரியா மகாராணியின் கடைசிக் காலத்தில் ஓர் ஆண்டு. அதில் அயர்லாந்தின் நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள். ஓர் இணையதளத்துக்காகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். இறப்புப் பட்டியலில் ஒரு பாதிரியாரைப் புதைக்கவிருந்த நேரத்தில் மனைவி விளக்கேற்ற வந்தாள். மருமகள் சித்தூரில் தாய்வீட்டில் இருக்கிறாள். காலையிலிருந்து பிரசவ வலி.

"இன்னாங்க, புள்ள அங்க துடிச்சிக்கினு கீது. வெள்ளிக்கெழமையும் அதுவுமா சாவு எழுதிக்கினு கீறீங்களே!"

"அவங்க செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆவுது."

"அவ்ளோ நாள் இருந்தவங்க நாளைக்கு வரைக்கும் இருக்க மாட்டாங்களா?"

பாதிரியாரை அப்படியே விட்டேன். பிறப்புகளுக்குத் திரும்பினேன். ஒரு மாலுமி, ஓர் ஓவியர், இரட்டையர். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெட்டையா? சுகப்பிரசவமாமா?"

ஆமென்றேன்.

முடித்த வரைக்கும் தளத்துக்கு அனுப்பிவைத்தேன். சற்று நேரத்தில் மகன் கூப்பிட்டான். "பொண்ணும்மா! ரெண்டு பேரும் நல்லா கீறாங்க." அவள் அழுதுவிட்டுத் தூங்கிப்போனாள்.

பக்கம் வெளியாகிவிட்டது. அந்த ஆண்டு அயர்லாந்தில் ஒருவரும் இறக்கவில்லை.