சனிக்கிழமைகள் ஏன் வெறுமை

2025 மார்ச் 3, திங்கள்

நண்டு விலை முழுவதும் கணினியில் ஏற்றி முடிந்தது. கையால் எழுதிய கொப்பிகளிலிருந்து, இரண்டு வருடத்து விலை. ஊர்காவற்றுறைத் துறையில் பெண்கள் விற்ற விலை ஒரு நிரல், யாழ்ப்பாணத்தில் வாங்குபவர்களின் விலை மற்ற நிரல். பெரியப்பாவின் மகள் சிவரூபி அக்கா பல்கலைக்கழகத்தில் இதைத்தான் ஆய்வாகச் செய்கிறார். பத்தாம் ஆண்டோடு நின்ற எனக்கு இந்த வேலையைத் தந்ததும் அவர்தான்.

துறைக் கொப்பியில் சனிக்கிழமைகள் வெறுமை. நகரக் கொப்பியில் ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமை. ஏன் என்று கேட்டேன்.

"சனிக்கிழமை ஆரடி நண்டு தின்னுறது?" என்று அக்கா சிரித்தார்.

எங்கள் வீட்டிலும் வெள்ளி, சனிகளில் மீன், நண்டு, எந்த மச்சமும் இல்லை. நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

அக்கா ஈவியூஸ் என்ற மென்பொருளில் கிரேஞ்சர் சோதனை செய்து காட்டினார். சனி, ஞாயிறை விட்டு ஐந்து நாள் கிழமையாகப் போட்டார். நகரத்தின் நேற்றைய விலை தெரிந்தால் துறையின் இன்றைய விலையை இன்னும் சரியாகச் சொல்ல ஏலுமா? அதுதான் கேள்வி. பிறகு மறுபக்கமாகவும் கேட்க வேண்டும். 0.05க்குக் கீழே வந்தால் ஓம்.

நகரத்திலிருந்து துறைக்கு 0.61. துறையிலிருந்து நகரத்துக்கு 0.002.

"பாத்தியே பவா, எங்கட துறைதான் முந்துது. ஒருத்தரும் எதிர்பார்க்கேல்லை."

எனக்கும் சந்தோசம். என் கையால் ஏற்றிய எண்கள். பிறகுதான் சொன்னார்: நகர விலைக்குத் துறையில் வேலையே இல்லை என்றால், தினமும் காலையில் அதைப் பெண்களின் தொலைபேசிக்கு அனுப்பும் திட்டமும் வீண். திட்டத்துக்குப் பொறுப்பான பிரதாபன் சேர் 14ஆம் திகதி கூட்டம் வைத்து அறிவிப்பாராம். மாத முடிவோடு நிறுத்திவிடுவார்களாம்.

மார்ச் 8, சனி

பின்னேரம் கரம்பொன் வீட்டிலிருந்து சைக்கிளில் துறைக்குப் போனேன், துறைக் கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்க. அவற்றை எழுதுகிறவர் ஜெனீற்றா அக்கா. நண்டு விற்கிறவர். வலைகள் எல்லாம் கரையிலேயே கிடந்தன.

"இண்டைக்கு வலை போடேல்லையோ அக்கா?"

"நாளைக்கு ஞாயிறு, தேவாலயத்தில பூசையெல்லே பிள்ளை. இண்டைக்குப் போட்டால் விடிய ஆர் போய் எடுக்கிறது?"

"அப்ப கொப்பியில சனிக்கிழமை..."

"வலை போட்ட நாளைத்தானே எழுதுறது. திங்கள் போட்டதைச் செவ்வாய் விடிய எடுத்து விப்பம். கொப்பியில திங்கள்தான் நிக்கும். ஏன், பிழையோ?"

இல்லை என்றேன். அவர் தொலைபேசியைத் தட்டிக் காட்டினார். "காலமை இதில விலை வந்தால்தான் வியாபாரிக்கு முன்னால வாய் திறப்பன். இல்லாட்டி அவர் வைச்சதுதான் விலை."

திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தேன். திங்கள் என்று நான் ஏற்றியது செவ்வாயின் விலை. துறை நிரல் முழுவதும் ஒரு நாள் முன்னால் நிற்கிறது. முந்தாமல் என்ன செய்யும்?

மார்ச் 9, ஞாயிறு

ஆரிட்டைச் சொல்லுறது? நான் ஏற்றினது. என்னில்தான் பிழை வரும்.

மார்ச் 10, திங்கள்

பல்கலைக்கழகத்தில் அக்காவின் அறையில் ஒருவரும் இல்லை. கோப்பைப் பிரதி எடுத்து, துறை நிரலை ஒரு நாள் கீழே இறக்கினேன். ஞாயிறை மட்டும் விட்டு ஆறு நாள் கிழமையாகப் போட்டேன். வாசல் பக்கம் பார்த்துப் பார்த்து அழுத்தினேன்.

நகரத்திலிருந்து துறைக்கு 0.001. மறுபக்கம் 0.44.

தலைகீழ். அதைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது. இது உண்மையா, அல்லது ஜெனீற்றா அக்காவுக்காக நான் நகர்த்தியதா? விருப்பத்துக்கு நகர்த்தினால் எதுவும் வருந்தானே.

பிறகு வெறுமையான இடங்களை எண்ணினேன். இறக்கிய நிரலில் அவை எல்லாம் ஞாயிறில் விழுந்தன. நகரத்திலும் ஞாயிறு. நூற்று நாலு ஞாயிறு. ஒன்றுகூட விலகவில்லை.

மார்ச் 12, புதன்

சிவரூபி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஒரு நாள்..." என்றேன்.

"என்ன ஒரு நாள்? கெதியாச் சொல்லு, எனக்கு வேலை கிடக்கு."

"ஒண்டுமில்லை அக்கா."

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். கணக்குப் பாடத்தில் கரும்பலகைக்கு முன்னால் வெண்கட்டியோடு நின்றேன். விடை தெரியும். கை எழவில்லை. பின்னால் சிரிப்பு. அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும்.

மார்ச் 14, வெள்ளி

கூட்டத்துக்கு நாற்பது பெண்கள் வரை வந்திருந்தார்கள். சிவரூபி அக்காவின் அட்டவணை சுவரில் பெரிதாகத் தெரிந்தது. பிரதாபன் சேர் மாத முடிவோடு விலைச் செய்தி நிற்கும் என்றார். ஜெனீற்றா அக்கா மடியிலிருந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதும் கேள்வி இருக்கோ?" என்று சேர் கேட்டார்.

எழும்பிவிட்டேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது. கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீர் ஆர்?"

"எண்களை ஏத்தினது... நான்." ஜெனீற்றா அக்கா பக்கம் திரும்பினேன். "கொப்பியில சனிக்கிழமை ஏன் வெறுமை எண்டு ஜெனீற்றா அக்காவைக் கேளுங்கோ சேர்."

அவ்வளவுதான். கதிரையில் இருந்துவிட்டேன். மிச்சத்தை ஜெனீற்றா அக்கா சொன்னார். முதலில் மெல்ல, பிறகு எல்லோருக்கும் கேட்க. பின்வரிசையில் ஒருத்தி, "இதைக் கேக்காமலே இவ்வளவும் படிச்சவை?" என்றாள். சிரிப்பு. அதே மாதிரிச் சிரிப்பு, ஆனால் என்னைப் பார்த்தல்ல. சிவரூபி அக்காவைப் பார்த்து. அது இன்னும் மோசமாக இருந்தது.

பிரதாபன் சேர் முடிவைத் தள்ளிவைத்தார்.

வெளியே அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு முதல் சொல்லியிருக்கலாமெல்லே."

சொல்லியிருக்கலாம். புதன்கிழமை சொல்லியிருக்கலாம்.

மார்ச் 15, சனி

அக்கா அழைப்பை எடுக்கவில்லை.

மார்ச் 22, சனி

இன்றும் இல்லை. வேலை போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மாதம் முடிந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு ஜெனீற்றா அக்கா தொலைபேசி எடுத்து, "பிள்ளை, விலை வந்திட்டுது," என்றார். மறுமொழி சொல்லுமுன் வைத்துவிட்டார். வியாபாரி வந்திருப்பார்.

மத்தியானம் சிவரூபி அக்காவிடமிருந்து ஒரு பொதி. கடிதம் இல்லை. துறையில் கொடுக்கப் புதுப் படிவங்கள், நாற்பது. முன்பு ஒரு திகதி இருந்த இடத்தில் இப்போது இரண்டு: வலை போட்ட நாள், விற்ற நாள். அடியில் சின்ன எழுத்தில், "சந்தேகம் இருந்தால் பவதாரணியைக் கேட்கவும்" என்று போட்டு, என் தொலைபேசி இலக்கம்.

நாற்பது பேர். எந்த நேரமும் தொலைபேசி அடிக்கலாம். எடுத்தால் என்ன சொல்வேன்?

அணைத்து வைக்கவில்லை. மேசையில் பக்கத்தில்தான் கிடக்கிறது.